சைக்கிள் பாதைக்குக் காடு வேண்டும்

சைக்கிள் எதற்கு? கடைக்குப் போக, பள்ளிக்கூடம் போக, பால் கேனைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போக. நம் ஊரில் சைக்கிள் உழைக்கிற வண்டி. அதே சைக்கிள் சாகக் கிடந்த ஓர் ஊரைப் பிழைக்க வைத்தது என்றால் நம்புவீர்களா?

பிழைக்க வைத்திருக்கிறது. அந்த ஊரின் பெயர் டெர்பி. ஆஸ்திரேலியாவின் தெற்கே டாஸ்மேனியா என்று ஒரு தீவு இருக்கிறது. ஏறக்குறைய இலங்கை அளவு. ஆனால் ஜனத்தொகை 6 லட்சத்துக்கும் குறைவு. அந்தத் தீவின் வடகிழக்கு மூலையில், ரிங்கரூமா ஆற்றங்கரையில், மலைக்கும் காட்டுக்கும் நடுவே ஒரே தெருவாக நீண்டு கிடக்கிறது டெர்பி. லான்சஸ்டன் நகரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர்.

பிழைத்துக்கொண்ட அந்த ஊருக்கு மறுபடியும் ஒரு கவலை வந்தது. அதைச் சொல்லுமுன் பழைய கதையைச் சொல்ல வேண்டும்.

ஈயம் கொடுத்த வாழ்வு

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறார்களே, அந்த வெள்ளீயம் டெர்பி மலையில் கிடைத்தது. 1870களில் க்ருஷ்கா என்ற குடும்பத்துச் சகோதரர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். ஊர் உண்டாயிற்று. சீனாவிலிருந்துகூடத் தொழிலாளிகள் அந்த வட்டாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சுரங்கத்துக்கு பிரைசீஸ் என்று பெயர். 1876இல் மெல்போர்ன் கோப்பையை வென்ற ஒரு பெண் குதிரையின் பெயர் அது. பந்தயத்தில் அவ்வளவு பிரியம் அவர்களுக்கு!

அது கிணறு போலத் தோண்டும் சுரங்கம் அல்ல. மலை மீது தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். மண் கரைந்து ஓடும். கனமான ஈயத் தாது அடியில் தங்கும். கரைந்த மண் எங்கே போகும்? ஆற்றுக்குத்தான். மலை மலையாக மண் இறங்கி, ரிங்கரூமா ஆற்றின் படுகை பல மைல் தூரத்துக்கு மேடாகிப் போனது.

பீய்ச்சி அடிக்க நிறையத் தண்ணீர் வேண்டும். அதற்காக ஊருக்கு மேலே கேஸ்கேட் ஆற்றில் ஓர் அணை கட்டினார்கள். 1929 ஏப்ரல் 4ஆம் தேதி. பேய் மழை. அணை உடைந்தது. வெள்ளம் பள்ளத்தாக்கில் பாய்ந்து ஊருக்குள் புகுந்தது. 14 பேர் மாண்டார்கள்.

சுரங்கம் மறுபடியும் நடந்தது. ஆனால் பழைய நிலைக்கு வரவில்லை. பிறகு அதுவும் நின்றது. அடுத்துச் சில தலைமுறைகள் அந்த வட்டாரம் மரத்தை நம்பி வாழ்ந்தது. பின்னர் பக்கத்து ஸ்காட்ஸ்டேல் நகரில் மர அறுவை ஆலைகளும் மூடப்பட்டன. வாலிபர்கள் வேலை தேடி வெளியூர் போனார்கள். வீடுகள் பூட்டிக் கிடந்தன.

இந்த நிலையில்தான் சைக்கிள் வந்தது.

மலையில் ஒரு கோடு

இரண்டு உள்ளூர் சபைகள் ஒன்று சேர்ந்தன. மத்திய சர்க்கார் பணம் கொடுத்தது. காட்டுக்குள் மலை சைக்கிள் பாதைகள் போட்டார்கள். 2015இல் திறந்தார்கள். 2017இல் உலகப் போட்டி ஒன்று டெர்பிக்கு வந்தது. 2019இலும், 2023இலும் வீரர்கள் வந்து ஓட்டினார்கள். இப்போது 100 கிலோமீட்டருக்கு மேல் பாதைகள் இருக்கின்றன.

மலை சைக்கிள் என்பது அகன்ற டயரும், குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங்கும், கெட்டியான பிரேக்கும் உள்ள வண்டி. கல், வேர், பள்ளம் எதன் மேலும் போகும். பாதைகளுக்கு நிறம் கொடுத்திருக்கிறார்கள். பச்சை என்றால் சுலபம்; குழந்தைகளும் போகலாம். நீலம் நடுத்தரம். கறுப்பு என்றால் கைதேர்ந்தவர்களுக்கு மட்டும். ஒரு பாதைக்கு ‘அணை உடைந்தது’ என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். இன்னொன்று க்ருஷ்கா பெயரில் இருக்கிறது. ஊர் தன் கதையை மறக்கவில்லை.

பாதை போடுவது எப்படி என்று கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். அகலம் சுமார் 1 மீட்டர்தான். மலைச் சரிவில் நேரே கீழ்நோக்கி வெட்டினால் மழைத் தண்ணீரும் அதே வழியாக இறங்கும். ஒரே மழைக்காலத்தில் பாதை வாய்க்காலாகிவிடும். ஆகவே சரிவுக்குக் குறுக்கே, பாம்பு போல வளைத்து வெட்டுகிறார்கள். சராசரியாக 100 அடி தூரத்துக்கு 10 அடிக்கு மேல் இறக்கம் கூடாது என்பது தொழில் கணக்கு. பாதையின் வெளி ஓரத்தைச் சற்றுத் தாழ்த்தி விடுவார்கள். விழும் தண்ணீர் பாதையில் ஓடாமல் குறுக்கே கடந்து சரிவில் போய்விடும்.

இவ்வளவு செய்தாலும் பாதி வேலைதான் ஆயிற்று. மீதி வேலையைக் காடு செய்கிறது. மழை முதலில் இலை மேல் விழுகிறது. பிறகு சொட்டுச் சொட்டாகத் தரைக்கு வருகிறது. வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. உதிர்ந்த சருகு தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. மரம் இல்லாத சரிவில் எவ்வளவு கெட்டிக்காரன் பாதை போட்டாலும் நிலைக்க வைப்பது கஷ்டம்.

அந்தக் காடும் சாதாரணக் காடு அல்ல. தென்னை போல உயர்ந்து நிற்கும் பெரணி மரங்கள், பாசி மூடிய மிர்ட்டில் மரங்கள். ஆஸ்திரேலியாவும் அண்டார்க்டிகாவும் தென் அமெரிக்காவும் ஒரே நிலமாக ஒட்டியிருந்த காலத்து மர வம்சம் இது. பக்கத்திலுள்ள புளூ டியர் மலையில் இப்படிப்பட்ட காட்டின் வழியே 42 கிலோமீட்டர் இறங்கிக் கடற்கரை மணலில் போய் முடிகிற பாதை ஒன்றும் 2019இல் திறக்கப்பட்டது. மலையில் குளிரில் புறப்பட்டவன் கடலில் குளித்துவிட்டு வீடு திரும்பலாம்!

கோடரி வந்தது

டெர்பியைச் சுற்றியுள்ள காட்டின் சில பகுதிகள் மரம் வெட்டும் பட்டியலில் இருந்தன. மாநில சர்க்காரின் மர நிறுவனம் வெட்டப் புறப்பட்டது. ஊரிலும் வெளியிலும் எதிர்ப்புக் கிளம்பியது. 2020களின் தொடக்கத்தில் வழக்கு நீதிமன்றம் ஏறியது.

வழக்கில் எழுந்த கேள்வி எளிமையானது. மர நிறுவனத்தில் சம்பளம் வாங்கும் அதிகாரியே, அந்த நிறுவனத்தின் வெட்டும் திட்டத்துக்கு அனுமதி முத்திரை குத்தலாமா? சட்டப்படி குத்தலாம் என்று ஆயிற்று. எதிர்த்தவர்கள் தோற்றார்கள். சட்டம் அப்படி இருக்கலாம். ஆனால் பரீட்சை எழுதியவனே விடைத்தாளைத் திருத்தினால் யார் நம்புவார்கள்? அந்தச் சட்டத்தைத் திருத்துவது சட்டசபையின் வேலை.

மரம் வெட்டுகிறவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. அவர்களும் அதே வட்டாரத்துக் குடும்பங்கள். அப்பன் பாட்டன் காலத்துத் தொழில். சைக்கிள் வந்ததால் எல்லாருக்கும் லாபம் என்பதும் சரியல்ல. பழைய சுரங்கத் தொழிலாளியின் சின்ன வீடுகள் விருந்தினர் விடுதிகளாக மாறின. வீட்டு விலை ஏறியது. வெகுகாலமாக அங்கே வாழ்பவர்களுக்கு இது தலைவலிதான். இதற்கும் உள்ளூர் சபைகள் வழி காண வேண்டும்.

ஆனாலும் கணக்குப் பாருங்கள். வெட்டிய மரம் லாரியில் ஒரு தடவைதான் போகும். அந்த இடத்தில் மறுபடி பெரிய மரம் வர பல தலைமுறை ஆகும். டாஸ்மேனியாவின் ஈரக் காடுகளில், எல்லா மரத்தையும் ஒருசேர வெட்டி, மிச்சத்துக்குத் தீ வைத்து, விதை தூவுகிற வழக்கம் உண்டு. அப்படி வரும் காட்டில் யூகலிப்டஸ் முளைக்கும். தீயைத் தாங்காத மிர்ட்டில் பழையபடி வருவது அரிது. சைக்கிள்காரனோ வருகிறான், வேனில் வண்டியை ஏற்றி மலைக்குப் போகிறான், இறங்குகிறான், டீக்கடையிலும் விடுதியிலும் காசு கொடுக்கிறான், அடுத்த வருஷம் நண்பனையும் கூட்டிக்கொண்டு வருகிறான்.

‘பாதை ஓரத்தில் ஒரு வரிசை மரத்தை விட்டுவிட்டு, பின்னால் வெட்டினால் யாருக்குத் தெரியும்?’ என்று கேட்கலாம். காட்டுக்குத் தெரியும். திரை போல நிற்கும் மரங்களைக் காற்று சாய்க்கும். வெயில் உள்ளே புகுந்து பாசியையும் பெரணியையும் காய வைக்கும். சாய்ந்த மரம் பாதையின் மேல்தான் விழும்.

விக்டோரியா மாநிலமும் மேற்கு ஆஸ்திரேலியாவும் இயற்கைக் காட்டில் வியாபாரத்துக்காக மரம் வெட்டுவதை 2024 தொடக்கத்தோடு நிறுத்தின. வேலை இழந்த தொழிலாளிகளுக்குப் பணம் ஒதுக்கித்தான் நிறுத்தின. டாஸ்மேனியா அந்த வழியில் இன்னும் போகவில்லை. முழுவதும் நிறுத்த நாளாகும் என்றால் ஆகட்டும். டெர்பி பாதைகள் போகும் சரிவுகளையாவது அந்தப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். அங்கே மரத்தை நம்பியிருப்பவனுக்குப் பாதை பராமரிப்பில் முதல் இடம் கொடுக்க வேண்டும். விழுந்த மரத்தை அறுக்க, வழுக்கும் திருப்பத்தில் கல் பதிக்க, மழைக்குப் பின் வடிகாலைச் சீர் செய்ய வருஷம் முழுவதும் ஆள் வேண்டும். ரம்பம் பிடிக்கத் தெரிந்தவன் அந்த ஊரிலேயே இருக்கிறான்.