பிளேடு விஷயம்

ஒருவரைப் 'பிளேடு' என்று தமிழில் சொன்னால், அவரைக் கண்டதும் மற்றவர்கள் எதிர்ப்பக்கம் கடந்துவிடுகிறார்கள் என்று அர்த்தம். பலகையில் பூவும் மயிலும் வெட்டி எடுக்கும் பொழுதுபோக்கில் கதை தலைகீழ். அங்கே பிளேடுதான் கதாநாயகன். அதை அறியாமல் மெஷினில் மட்டும் பணத்தைக் கொட்டியவரின் வீட்டில் சில மாதம் கழித்துப் பார்த்தால், பரணில் பழைய சூட்கேஸுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்குரோல் சா உட்கார்ந்திருக்கும்.

ஸ்குரோல் சா என்பது ஏறக்குறைய தையல் மெஷினின் பங்காளி. மேசையின் நடுவே ஊசிக்குப் பதிலாக, நூல் போன்ற ரம்ப பிளேடு ஒன்று மேலும் கீழும் ஓடும். தையற்காரர் துணியைத் திருப்புவதுபோலப் பலகையைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். நகர்வது மரம், ரம்பம் இருந்த இடத்திலேயே இருக்கும். கடையில் ஸ்குரோல் சா கேட்டால் ஜிக்-சாவை எடுத்து நீட்டுவதும் உண்டு. அது கையில் பிடித்துப் பலகை மீது ஓட்டும் முரட்டுக் கருவி. சமையலறை அலமாரிக் கதவை அறுக்கலாம். மயில்தோகையை அறுக்க முடியாது.

மெஷின் வாங்கப் போகிறவர் மோட்டார் எத்தனை வாட், கழுத்து எத்தனை அங்குலம் என்று விசாரிக்கிறார். கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. பிளேடின் இரு முனையிலும் குறுக்கே சின்னக் கம்பி உள்ளதா, இல்லையா? மலிவான மெஷின்களில் சில, கம்பி வைத்த பிளேடை மட்டுமே ஏற்கும். மாட்டுவது சுலபம்தான். ஆனால் வடிவத்தின் உள்ளே வெட்ட, முதலில் துளை போட்டு பிளேடை அதன் வழியே நுழைக்க வேண்டும். கம்பி நுழைய ஏறக்குறைய கால் அங்குலத் துளை தேவை. பிள்ளையாரின் கண்ணே அவ்வளவு பெரிதாக இருக்காது. கம்பியில்லாத மொட்டை பிளேடுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் போதும். இரண்டு வகையையும் ஏற்கும் மெஷினாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை.

பிளேடுகள் பொதுவாக 5 அங்குல நீளம். 2/0, 1, 3, 5, 7, 9 என்று நம்பர் ஏற ஏறப் பருமனும் கூடும். 4 மி.மீ. பிளைவுட்டுக்கு 2 அல்லது 3, அரை அங்குல மரத்துக்கு 5 என்று தொடங்கலாம். புதியவர்கள் செய்யும் சிக்கனம் விசித்திரமானது. மெஷினுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, மொண்ணையான பிளேடை மாற்ற மனம் வராமல் பலகையை அழுத்தித் தள்ளுகிறார்கள். மரம் கருகுகிறது, வெட்டு சாய்கிறது, பிளேடு படீரென்று அறுகிறது. தப்பு கைமேல் விழுகிறது. "நமக்கு இதெல்லாம் வராது" என்ற தீர்ப்பும் அன்றைக்கே எழுதப்பட்டுவிடுகிறது.

கை பாவம். அச்சில் அடித்து எடுக்கும் பிளேடுகளில் ஒரு பக்கம் சற்று சொரசொரப்பாக இருக்கும். ஆகவே நேர்கோட்டில் தள்ளினாலும் அது ஒரு பக்கமாக, பெரும்பாலும் வலப்பக்கம், இழுக்கும். பலகையைச் சில டிகிரி சாய்த்துத் தள்ளிப் பழகினால் கோடு பிடிபட்டுவிடும். இன்னொன்று, முறுக்கு. மாட்டிய பிளேடை விரலால் சுண்டினால் வீணைத் தந்திபோல 'டிங்' என்று கேட்க வேண்டும். 'தொப்' என்று கேட்டால் தொளதொளவென்று இருக்கிறது. அந்த நிலையில் மூலை திரும்பினால் பலகையின் மேல்பக்கம் ஒரு மயில், அடிப்பக்கம் வேறொரு மயில்.

முதலில் மெஷினே வேண்டுமா என்பதும் கேட்கத்தக்க கேள்வி. 1977ல் ஈஸ்வர்பாய் படேல் கமிட்டி சிபாரிசு செய்த எஸ்.யு.பி.டபிள்யு. பாடத்தில் வளர்ந்த தலைமுறைக்கு ஃப்ரெட் சா புதிதல்ல. 'ப' வடிவ இரும்புச் சட்டம், அடியில் ஒரு கைப்பிடி, அதே 5 அங்குல பிளேடு. மேசை விளிம்பில் 'V' வடிவ வெட்டுள்ள கட்டையை இறுக்கி, அதன்மேல் பலகையை வைத்து, பல் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டி, கீழே இழுக்கும்போது அறுக்க வேண்டும். மைசூரின் ஈட்டி மர இழைப்பு வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. யானை, தேர், காட்டுக் காட்சி என்று அதில் தெரியும் துண்டுகளில் பல இயற்கையாகவே வேறு வேறு நிறமுள்ள மரங்களிலிருந்து, இந்த மெல்லிய ரம்ப பிளேடால் அறுத்துப் பதித்தவை. பெரும் மோட்டார் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. மாதம் ஒன்று கையால் அறுத்துப் பார்த்தவருக்கு மெஷின் வேண்டுமா வேண்டாமா என்பது தெரிந்துவிடும். அடுக்குமாடி வீட்டில் கீழ்வீட்டாரின் நட்பும் மிஞ்சும்.

முதல் வேலைக்கு ஜாலி வேண்டாம். நாற்பது ஓட்டை உள்ள ஜாலி என்றால் நாற்பது முறை பிளேடைக் கழற்றி நுழைத்து மாட்ட வேண்டும். குழந்தைக்கு ஐந்தாறு துண்டில் ஒரு யானைப் புதிர் நல்ல தொடக்கம். படத்தைப் பலகையில் ஒட்டி, மேலே அகலமான பேக்கிங் டேப்பும் ஒட்டினால் மரம் கருகுவது குறையும். உள் வெட்டுகள் இருந்தால் அவற்றை முடித்துவிட்டுத்தான் வெளிக்கோட்டுக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் பிடித்துக்கொள்ளப் பலகை மிஞ்சாது. மலிவு பிளைவுட்டுக்குள் பொந்து இருக்கும். வெட்டிய பின்தான் அது தெரியவரும், பெரும்பாலும் யானையின் தும்பிக்கையில்.

விரல் அறுபடுமோ என்றுதான் வீட்டில் பயப்படுகிறார்கள். கவனமாக இருந்தால் அந்த ஆபத்து குறைவு. அறுந்த பிளேடுக்காகக் கண்ணாடி அணிவது நல்லது. யாரும் கவலைப்படாத ஆபத்து மூக்கில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995ல் மரத்தூளையும், 2004ல் பிளைவுட், எம்.டி.எஃப். பசையில் கலக்கும் ஃபார்மால்டிஹைடையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற பட்டியலில் சேர்த்தன. வருடக்கணக்காகத் தூளில் வேலை செய்யும் தொழிலாளிகளிடம் தெரிந்த விஷயம் இது. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் அறுப்பவர் நடுங்க வேண்டியதில்லை. ஆனாலும் ஸ்குரோல் சா தரும் தூள் மிக நுண்ணியது. கோடு தெரிவதற்காக மெஷினிலுள்ள சிறு குழாய் காற்றை ஊதி அந்தத் தூளைக் கிளப்பிவிடுகிறது. குனிந்து பார்ப்பவரின் மூக்கு பக்கத்திலேயே இருக்கிறது. ஈட்டி மரத்தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கிளப்பும்.

பால்கனியில் வேலை செய்வது உத்தமம். அறைக்குள் என்றால் மேலே சுழலும் ஃபேனை நிறுத்திவிட வேண்டும். அது தூளைக் குழந்தையின் படுக்கைவரை கொண்டுபோய்ச் சேர்க்கும். துணி முகமூடி போதாது. கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிய என்-95 வீட்டில் இருந்தால், எலாஸ்டிக் தளராமல் இருக்கிறதா என்று பார்த்து அணியலாம். வேலை முடிந்ததும் துடைப்பத்தை எடுக்காமல் ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். துடைக்கும் வேலையையும் அறுத்தவரே செய்வதுதான் நியாயம்.