வாயை மூடிக்கொள்ளும் ஸ்கிரிப்ட் வேண்டாம்!



நாம் எழுதும் புரோகிராம் ஹார்ட் டிஸ்கை நேராகத் தொடுவதில்லை. "இந்த ஃபைலைப் படித்துக் கொடு" என்று ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்கிறது. இதற்குப் பெயர் சிஸ்டம் கால். பெயர் சொல்லிக் கேட்பதில்லை, எண் சொல்லித்தான் கேட்கிறது. 64 பிட் இன்டெல் கம்ப்யூட்டரில் ஓடும் லினக்ஸில் 0 என்றால் படி, 1 என்றால் எழுது. பழைய 32 பிட்டில் அதே 1-க்கு அர்த்தமே வேற: புரோகிராமை முடித்துக்கொள்! எண் மாறிப் போனா என்ன கதி ஆகும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

லினக்ஸில் இந்த எண்களும் பெயர்களும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில்தான் இருக்கின்றன. அதைப் படித்து, லினக்ஸின் மையமான கெர்னலுக்கு வேண்டிய அட்டவணையை ஒரு சின்ன ஸ்கிரிப்ட் தயாரித்துக் கொடுக்கிறது.

போன மாதம் லேபில் அதே மாதிரி ஒன்றை நானும் எழுதிப் பார்த்தேன். மொத்தம் இருபது வரி. டைப் செய்யும்போது இரண்டு பெயர்களுக்கு ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டேன். ஸ்கிரிப்ட் வாயே திறக்கவில்லை. பின்னால் வந்த பெயரை வைத்துக்கொண்டு முன்னால் இருந்ததை விழுங்கிவிட்டது. அரை மணி நேரம் தேடினேன். பக்கத்து பெஞ்ச் நண்பன், "வந்த அட்டவணையில அந்த ஒரு வரிய மட்டும் கையால திருத்திடுடா, வேலை முடிஞ்சுது" என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மறுபடி ஸ்கிரிப்டை ஓட்டினால் அந்தத் திருத்தம் போயே போச்சு!

லினக்ஸிலும் முன்பு ஒவ்வொரு பிராசஸர் வகைக்கும் கிட்டத்தட்ட ஒரே ஸ்கிரிப்டின் தனித்தனி நகல் இருந்தது. ஒன்றைத் திருத்தினால் மற்றது அப்படியே கிடக்கும். 2021-இல் பொதுவாக ஒரே ஸ்கிரிப்டைக் கொண்டுவந்தார்கள். எண்கள் வரிசை தப்பினாலோ ஒரே எண் இரண்டு தடவை வந்தாலோ, இப்போது அது பிழை சொல்லி நின்றுவிடுகிறது. நடுவில் எண் விட்டுப்போனால் மட்டும் நிற்காது. அந்த இடத்தில் 'அப்படி ஒரு வசதி இல்லை' என்று பதில் சொல்லும் ஃபங்ஷனைப் போட்டுவிடும். எது தப்பு, எது வெறும் காலியிடம் என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்களே, அதுதான் எனக்குப் பிடித்தது.

சோதனை வைத்தால் கம்ப்யூட்டர் மெதுவாகும் என்று நண்பன் சொல்கிறான். இந்த ஸ்கிரிப்ட் ஓடுவது கெர்னலைத் தயாரிக்கும்போது மட்டும்தான், ஒவ்வொரு ஃபைலைப் படிக்கும்போதும் இல்லை.

என் ஸ்கிரிப்ட் இப்போ இருபத்து நாலு வரி. நேற்று வேண்டுமென்றே ஒரு எண்ணை இரண்டு தடவை போட்டேன். எந்த வரி என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டது.

– பதினொன்றாம் வகுப்பு மாணவன்