வங்கிக் கணக்கைச் சரிகட்டத் தெரிந்தவர்களுக்கு வாசல் ஏன் அடைத்திருக்கிறது?



முதலீட்டு வங்கியின் பேக் ஆபீஸ் வேலை என்பது என்ன? லண்டனில் ஒருவர் பங்கு விற்கிறார், இன்னொருவர் வாங்குகிறார். விலை, எண்ணிக்கை, தேதி எல்லாம் இரு தரப்பிலும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். குறித்த நாளில் பங்கும் பணமும் கைமாற வேண்டும். கணக்கு உதைத்தால் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். பிஎன்பி பாரிபா, பார்க்லேஸ், பிஎன்ஒய் போன்ற வங்கிகள் இதற்காகத்தான் சென்னையில் அலுவலகம் வைத்திருக்கின்றன.

விழுப்புரம், திண்டிவனம் அரசு கலைக் கல்லூரிகளில் பி.காம் படிக்கும் நம் பிள்ளைகள் பதினோராம் வகுப்பிலேயே 'வங்கிச் சரிகட்டும் பட்டியல்' போட்டவர்கள். ரொக்க ஏட்டையும் வங்கி அறிக்கையையும் ஒப்பிட்டு வேறுபாட்டைப் பிடிக்கத் தெரிந்தவர்கள். அதையே ரீகன்சிலியேஷன் என்று சொன்னால் மட்டும் எட்டாத வித்தையாகி விடுமா?

"கம்யூனிகேஷன் போதாது" என்கிறார்கள். மெயில் எழுதும் ஆங்கிலம் பழகப் பழக வரும். ரெஃபரல் கொடுக்க உள்ளே ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பது எந்தப் பயிற்சியில் வரும்? உள்ளே இருப்பவர் கைகாட்டும் ஆளையே எடுத்தால், உள்ளே இருக்கும் சாதிதானே மறுபடியும் உள்ளே போகும்?

இது வெறும் புலம்பல் என்பார்கள். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகியோரின் ஆய்வு 2007இல் வெளிவந்தது. ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயர் இருந்தவற்றுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. கொலம்பியாவில் படித்துவிட்டு வந்த அண்ணல் அம்பேத்கரே பம்பாயில் பங்கு முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். அவருடைய சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வராமல் போனார்கள். அவரிடம் எந்தத் தகுதி குறைந்திருந்தது?

2024 பிப்ரவரியில் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. 31 கோடி ரூபாய், 63,000 சதுர அடி. வானூர் தனித்தொகுதி. திண்டிவனம் தனித்தொகுதி. விழுப்புரம் நாடாளுமன்றத் தொகுதியும் தனி. ஓட்டுப் போட மட்டும்தான் தனியா? அரசு கட்டிய அந்தக் கட்டடத்தில் குடியேறும் தனியார் நிறுவனத்தை எந்த இடஒதுக்கீடும் கட்டுப்படுத்தாது. அரசமைப்புச் சட்டத்தின் 16(4) அரசுப் பணியோடு நின்றுவிடுகிறது.

எனவே நாம் கேட்கிறோம்: அரசு இடமும் சலுகையும் பெறும் ஒவ்வொரு நிறுவனமும் எத்தனை பட்டியல் சாதியினரை வேலைக்கு எடுத்தது என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தனியார் துறை இடஒதுக்கீடு சட்டமாக வேண்டும். பங்குச் சந்தைச் செயல்பாடுகளுக்காக என்ஐஎஸ்எம் நடத்தும் சான்றிதழ் தேர்வுக்குத் தாட்கோ நம் மாவட்டத்திலேயே தமிழில் விளக்கிப் பயிற்சி தர வேண்டும்.

மாணவத் தோழர்களே, சட்டம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். செட்டில்மென்ட், ரீகன்சிலியேஷன், கேஒய்சி எல்லாவற்றையும் இப்போதே படியுங்கள். வேலை வாங்கித் தருவதாக முன்பணம் கேட்கும் ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உள்ளே போன தோழர்களே, உங்கள் முதல் ரெஃபரல் நம் சேரிப் பிள்ளைக்குப் போகட்டும்.

கற்பி! ஒன்றுசேர்! போராடு!