தோல் நம்முடையது

சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு சாவு. கிழவிக்கு எண்பதுக்கு மேலிருக்கும். நடவுக்கு வரிசை பிடித்தால் அவள்தான் பாட்டெடுப்பாள்; மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அவளுக்கு அடிக்க நம்ம தெருவிலேயே ஆள் கிடைக்கவில்லை. 'நாங்க அடிக்கிறத விட்டுட்டோம் மாமா' என்றான் ஒரு பையன். பத்து நாள் கழித்து அதே பையன் மதகுக்கட்டையில் உட்கார்ந்து செல்போனில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் பாட்டைப் போட்டுத் தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தான்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவன் அப்பன் ஊர்த்தெருச் சாவுக்கு அடிக்கமாட்டேன் என்று சொன்னதற்காக ஒரு வருசம் வேலை கொடுக்கப்படாமல் கிடந்தவர். பறையைத் தூக்கி எறிவதா, விடுதலையின் கருவியாகக் கையில் எடுப்பதா என்று 1990களில் நாம் போட்ட சண்டை கொஞ்சமா? இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அந்தப் பையன் இரண்டையும் ஒரே உடம்பில் வைத்திருக்கிறான், அவ்வளவுதான்.

இந்த ஏழெட்டு வருசத்தில் சினிமாவுக்கு வெளியே வந்திருக்கும் நம் பாட்டுகளை ஒன்றுவிடாமல் கேட்கிற பைத்தியம் நான். திருப்பனந்தாளிலிருந்து கும்பகோணம் போகிற பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டால் இறங்கும்வரை கழற்றுவதில்லை. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடையேறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்காரர் டென்மாவும் சேர்ந்து கட்டிய குழு. பெயரே அயோத்திதாசப் பண்டிதர் கொடுத்தது மாதிரி. சாதிபேதமற்ற தமிழர் என்று அவர் சொன்னதைத்தான் இவர்கள் இங்கிலீஷில் வைத்துக்கொண்டார்கள். சாவு வீட்டுப் பந்தலில் பாடுகிற கானாக்காரன் கிட்டாருக்குப் பக்கத்தில் நின்று இடஒதுக்கீட்டைப் பற்றிப் பாடுகிறான்! ஆண்களே நிறைந்த கானாவுக்குள் இசைவாணி என்கிற பெண் புகுந்து நிற்கிறாள். முதல்முறை கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அடுத்து 2019ல் அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து கொண்டுவந்த 'தெருக்குரல்'. அதில் தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட ஸ்னோலினுக்கு ஒரு பாட்டு. செய்தித்தாள் மறந்துவிட்ட பெயரைப் பாட்டு பிடித்து வைத்திருக்கிறது. வெண்மணியில் 1968ல் எரித்துக் கொல்லப்பட்ட 44 பேருக்காக இன்குலாப் எழுதியதை கே.ஏ. குணசேகரன் ஊர்ஊராகப் பாடிக்கொண்டு போனாரே, அந்த வேலையின் தொடர்ச்சி இது. கேசட் செல்போனாகியிருக்கிறது.

குறையும் சொல்லவேண்டும். ஸ்டுடியோவில் பறையை இயந்திரத் தாளத்துக்கு அடியில் போட்டு அமுக்கிவிடுகிறார்கள். வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சி எடுத்த தோலில் சிண்டுக்குச்சி விழும்போது ஒரு கீறல் கேட்குமே, அது இந்த ஆல்பங்களில் இல்லை. வேகமும் அதிகம். என் அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். 'யாரு தொரத்துறா இவன, இந்த ஓட்டம் ஓடுறான்' என்றாள். வடசென்னை வந்திருக்கிற அளவுக்குக் காவிரிச் சேற்றுப் பாட்டும் ஒப்பாரியும் வரவில்லை என்பதும் என் குறை.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. எங்கள் தஞ்சாவூருக்குச் சங்கீத பூமி என்று பெயர். அந்தச் சங்கீதத்தின் மிருதங்கத்தை மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத்தோலும் வைத்து மூட்டியவர்கள் யார்? தஞ்சாவூர் செபாஸ்டியன் குடும்பத்தைப் போன்ற தலித் கிறித்தவர்கள். டி.எம். கிருஷ்ணா அவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்று புத்தகம் எழுதினார். 2020ல் அதை வெளியிடக் கொடுத்த அரங்கை கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் திரும்ப வாங்கிக்கொண்டது. நாதம் வேண்டும், தோல் வேண்டும், தோலை மூட்டியவன் கதை வேண்டாம். எங்கள் ஊர்க் கோயிலில் தாடகை மாலை சாத்துவதற்காக லிங்கமே தலை சாய்த்தது என்று புராணம் சொல்வார்கள். சாய்ந்தது யாருக்காக என்பதிலும் ஒரு கணக்கு இருக்கத்தான் செய்கிறது.

இப்போது 'எஞ்சாய் எஞ்சாமி'க்கு வாருங்கள். 2021 மார்ச்சில் வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எழுதிய பாட்டு. கோடிக்கணக்கில் கேட்டார்கள். அதே வருசம் ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டையில் உடன் பாடிய தீ இருந்தார், அறிவு இல்லை. ரஞ்சித் கேட்ட பிறகுதான் இணையத்துக்கென்று தனியாக அறிவுக்கு ஓர் அட்டை. 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பாட்டு மேடையில், அறிவு மேடையில் இல்லை. அதற்கப்புறம் மெட்டு யாருடையது, உழைப்பு யாருடையது என்று வழக்காடல். இசையமைத்த சந்தோஷ் நாராயணனோ அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று 2024 மார்ச்சில் சொன்னார். யார் சரி என்று தீர்ப்பெழுத நான் உட்காரவில்லை. கூட்டு உழைப்புதான் அது. ஆனால் கூட்டாகச் செய்த ஒன்றிலிருந்து ஒருவன் முகம் மட்டும் திரும்பத் திரும்ப உதிர்ந்துபோவது தற்செயல் என்று நம்ப, சேரியில் பிறந்தவனால் முடியாது தோழர்களே.

2012ல் திருத்திய காப்புரிமைச் சட்டத்தின்படி பாட்டெழுதியவரும் மெட்டமைத்தவரும் தம் ராயல்டிப் பங்கை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்துவிட முடியாது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? வங்கியில் தினமும் பார்க்கிறேன், படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களில் படித்தவர்களும் உண்டு. பாடுகிற தோழர்கள் ஒப்பந்தத்தை நாலு பேரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வக்கீல் தோழர்கள் அதைப் படித்துச் சொல்வதை இயக்க வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தமே இல்லாதவர்கள் பாடு? செத்துப்போன கிழவியின் இரண்டு பாட்டு என் பழைய போனில் கிடக்கிறது, கோழிச் சத்தத்தோடு. பையனிடம் போட்டுக் காட்டினேன். தாளம் தட்டிக் கேட்டான். 'இத வச்சு ஒண்ணு பண்ணலாம் மாமா, அனுப்புங்க' என்றான். அனுப்பவில்லை இன்னும். அவள் மகளிடம் கேட்கவேண்டும்.

அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். மாணவத் தோழர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நடவுப்பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எது கிடைத்தாலும் பதிவு செய்து, எழுதியும் அனுப்புங்கள். பாடியவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார் என்பது கட்டாயம் வேண்டும். அச்சில் வர அவருக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். இல்லை என்று சொன்னால் பாட்டைக் கேட்டுவிட்டு, காப்பி குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.