வாசல் செடிக்கு ஜாதி உண்டா?

சென்ற வாரம் ஒரு தோழரைக் காணும் பொருட்டுச் சென்னை தியாகராய நகருக்குச் சென்றிருந்தோம். 1920-களில் ஜஸ்டிஸ் கட்சியார் ஆட்சியில் ஏற்பட்டு, அக்கட்சித் தலைவர் சர். தியாகராயர் பேரைத் தாங்கி நிற்கும் பகுதி அது. மாடிக் கட்டடங்கள் மலிந்துவிட்ட இந்நாளிலும் சில வீடுகளின் முன்புறம் கொஞ்சம் மண் மிஞ்சியிருக்கிறது. ஒரு வீட்டில் துளசி மாடம். அடுத்த வீட்டில் வரிசையாகக் குரோட்டன்ஸ் தொட்டிகள். அதற்கடுத்ததில் பப்பாளியும், மதில்மேல் காகிதப்பூவும். இன்னொன்றில் துலுக்கச் சாமந்தி.

இவற்றின் பூர்வீகத்தைச் சற்று விசாரிப்போம். காகிதப்பூ தென் அமெரிக்காவினது. பப்பாளியும் துலுக்கச் சாமந்தியும் மெக்சிகோ பக்கத்திலிருந்து, ஐரோப்பியர் கப்பல் வந்த பின்னரே இங்கு வந்து சேர்ந்தவை. அந்தச் சாமந்தியைத்தான் சாமி கழுத்தில் மாலையாகப் போட்டு, அநாதி காலத்துப் பூஜை என்கிறார்கள். 600 வருஷத்துக்கு முன் எந்தச் சாமியாவது இப்பூவைக் கண்டதுண்டா? கடல் தாண்டி வந்த பூவுக்குக் கர்ப்பக்கிருகம் வரை வழியிருக்கிறது. உள்ளூரில் பிறந்த மனிதன் அங்கே நுழைந்து அர்ச்சனை செய்யலாமென்பதற்கோ, 1970-ல் சட்டம் செய்தும் வழக்கு மேல் வழக்கு!

நிற்க, முருங்கையை எந்த வீட்டு வாசலிலும் காணோம். கேட்டால், "பேய் குடியிருக்கும்" என்கிறார்கள். முருங்கைக் கிளை மெதுவானது, காற்றுக்கு ஒடியும், கம்பளிப்பூச்சி மொய்க்கும். ஆகவே வாசலிலிருந்து சற்றுத் தள்ளி வை என்றால் புத்தியுள்ள பேச்சு. பேயைச் சொன்னதால், ஏழைக்குச் சத்துத் தரும் கீரையல்லவா வீட்டை விட்டே போயிற்று? இல்லாத பேய்க்குப் பயப்படுகிறவர்கள், தொட்டியடித் தட்டில் தேங்கிய நீரில் துள்ளும் புழுவுக்குப் பயப்படுவதில்லை. டெங்கு பரப்பும் கொசு அதில்தான் பிறக்கிறது. வாரம் ஒரு முறை அந்த நீரைக் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவுவது, துளசியை நூறு முறை சுற்றுவதைவிட மேலானது.

கடைசியாக, நாம் கண்ணால் கண்ட ஒன்று. ஒரு வீட்டில் தோட்டவேலை செய்யும் பெரியவர், துளசி மாடத்துக்கு மண்ணும் எருவும் இட்டுவிட்டுத் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். வீட்டு அம்மாள் உயரத் தூக்கி ஊற்றினார். அவர் இரு கைகளையும் குவித்துக் குடித்தார். அவர் தொட்ட மண்ணில் வளர்ந்த துளசி தீர்த்தத்துக்கு ஆகும். அவர் தொட்ட டம்ளர் ஆகாதாம்! அரசியல் சட்டம் 17-வது பிரிவில் தீண்டாமையை ஒழித்து 1950 முதல் அமலில் இருக்கிறது. அந்த வாசலுக்குள் அது இன்னும் நுழையவில்லை.

துளசியைப் பிடுங்கி எறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. செடியைச் செடியாக வளர்த்து, மனிதனை மனிதனாக நடத்துங்கள் என்கிறோம். பல தேசத்துச் செடிகள் ஒரே மண்ணில் வேர்விட்டு, ஒரே தண்ணீரைக் குடித்து வாழுகின்றன. அவற்றுக்கு நீர் ஊற்றும் கைக்கு ஒரு டம்ளர் கொடுக்க நமக்கு என்ன தடை? தோழர்களே, உங்கள் வீட்டு வாசலைப் பார்த்து நீங்களே பதில் சொல்லுங்கள்.