பச்சை உடம்போடு வேலைக்குத் திரும்பும் தாய்மாருக்காக: பனியன் தொழிலாளர் பெண்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
பனியன் தொழிலாளர் பெண்கள் சங்கம்,
திருப்பூர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருப்பூர்.

பொருள்: கைக்குழந்தை உள்ள பனியன் தொழிலாளர் தாய்மாருக்கு மகப்பேறு நிதி, குழந்தைகள் காப்பகம், இணை உணவு, தடுப்பூசி வசதிகளை உரிய காலத்தில் கிடைக்கச் செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

செக்கிங், கைமடி, டெய்லரிங், பேக்கிங் எனப் பல பிரிவுகளில் வேலை செய்யும் பெண்கள் சேர்ந்த சங்கம் எங்களுடையது. எங்களில் பலர் தேனி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து பிழைப்புக்காக வந்து, லைன் வீடுகளில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். சனிக்கிழமை கையில் வாங்கும் வாரச் சம்பளம்தான் எங்கள் வருமானம். வேலைக்குப் போகாத வாரத்தில் சம்பளம் கிடையாது.

குழந்தை பிறந்ததும் வீட்டில் இரண்டு சம்பளம் ஒன்றாகிவிடுகிறது. வாடகையும் மகளிர் குழுத் தவணையும் அப்படியே இருக்கின்றன. எங்கள் தாய்மார்கள் சிக்கனத்துக்குப் புதியவர்கள் அல்லர். பழைய வேட்டியையும் நூல் சேலையையும் கிழித்துக் குழந்தைக்குத் துணி கட்டுகிறார்கள். பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் டயப்பரில் ஒன்றிரண்டை மட்டும் வாங்கி, இரவுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளுக்கும் வைத்துக்கொள்கிறார்கள். அக்கா பிள்ளை போட்ட சட்டையைத் தங்கை பிள்ளை போடுகிறது. இதற்காக நாங்கள் யாரிடமும் குறை சொல்லவில்லை.

ஆனால் எந்தச் சிக்கனத்தாலும் ஈடுகட்ட முடியாத செலவு ஒன்று இருக்கிறது. பிள்ளையோடு தாய் வீட்டில் இருக்க வேண்டிய நாட்களுக்கான கூலிதான் அது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். எங்களுக்கும் அதுவே விருப்பம். ஆனால் மூன்றாம் மாதமே, பச்சை உடம்போடு மிஷின் முன்னால் போய் உட்கார வேண்டியிருக்கிறது. காலை எட்டரைக்குப் போனவள் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருகிறாள். மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும்போது கழிப்பறைக்குப் போய்ப் பாலைப் பீச்சிவிட்டு வருகிறாள். வீட்டில் பாட்டியோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ குழந்தைக்குப் பவுடர் பாலைப் புகட்டுகிறார்கள். 400 கிராம் டப்பா ஒன்றுக்கே பெரிய தொகை போகிறது. அதையே நம்பியிருக்கும் குழந்தைக்கு ஒரு வாரம் தாண்டாது. வெள்ளிக்கிழமை டப்பாவின் அடி தெரிய ஆரம்பித்தால் பவுடர் ஒரு கரண்டி குறைகிறது, தண்ணீர் கூடுகிறது. எடை ஏறாமலும் வயிற்றுப்போக்காலும் அவதிப்படுவது பச்சைக் குழந்தைதான். கூலிக்காகப் பிள்ளையைப் பிரிந்த தாய், அந்தக் கூலியிலேயே பவுடரும் மருந்தும் வாங்குகிறாள்.

தாய்ப்பால் விலையில்லாதது என்று எல்லாரும் சொல்கிறோம். அதைக் கொடுப்பதற்குத் தாய்க்கு வேண்டிய நேரம் விலையில்லாததல்ல. அந்த நேரத்தைப் பெற்றுத் தரும் திட்டங்களும் சட்டங்களும் ஏற்கெனவே இருக்கின்றன. அவை உரிய நாளில் எங்கள் கைக்கு வந்து சேர வேண்டும் என்பதே இந்த மனுவின் சாரம். எனவே கீழ்க்காணும் கோரிக்கைகளைத் தங்கள் முன் வைக்கிறோம்.

1. மகப்பேறு நிதி உரிய மாதத்தில் கிடைக்க வேண்டும்.
டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் மதிப்பு 18,000 ரூபாய். இதில் 14,000 ரூபாய் பணமாகவும், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் தரப்படுகிறது. பிரசவத்துக்குப் பிந்தைய தவணை, தாய் வேலைக்குத் திரும்பலாமா வேண்டாமா என்று யோசிக்கும் நேரத்தில் வந்தால்தான் பயன். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்குப் போவது நம் வழக்கம். கர்ப்பப் பதிவு திருப்பூரில், பிரசவம் வேறு மாவட்டத்தில், தடுப்பூசி இரண்டு ஊரிலும் என்றாகும்போது கர்ப்பிணிகளுக்கான அரசின் பிக்மி (PICME) இணையப் பதிவில் விவரம் விட்டுப்போகிறது. "அங்கே கேளுங்கள்", "இங்கே கேளுங்கள்" என்று தாய் கைக்குழந்தையோடு அலைய நேர்கிறது. ஆதாரில் தந்தை பெயர், வங்கிக் கணக்கில் கணவர் பெயர் என்று இருந்தாலும், கணக்கு பயன்பாட்டில் இல்லாமல் முடங்கியிருந்தாலும் பணம் நின்றுவிடுகிறது. ஆகவே, ஊர் விட்டு ஊர் போன தாய்மாரின் பதிவை அலுவலர்களே தங்களுக்குள் பேசிச் சரிசெய்ய வேண்டும். கர்ப்பத்தின் ஏழாம் மாதத்துக்குள் வங்கிக் கணக்கையும் ஆதார் இணைப்பையும் சரிபார்க்க முகாம் நடத்த வேண்டும். பணம் நின்றுபோனால் அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

2. ஈ.எஸ்.ஐ. பதிவு கட்டாயமாக வேண்டும்.
ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள பெண்ணுக்கு, முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு உண்டு. தாய்ப்பால் கொடுக்க வேண்டிய ஆறு மாதமும் இதில் அடங்கிவிடும். காண்ட்ராக்டிலும் பீஸ் ரேட்டிலும் வேலை செய்யும் பெண்களின் பெயர் அந்தப் பதிவேட்டில் ஏறுவதே அரிதாக இருக்கிறது. தொழிலாளர் துறையும் ஈ.எஸ்.ஐ. அலுவலர்களும் இணைந்து ஆய்வு செய்து, விடுபட்டவர்களைச் சேர்க்க வேண்டும். கர்ப்பம் தெரிந்ததும் வேலையை விட்டு நிறுத்தும் போக்கின் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும்.

3. வேலையிடத்துக்கு அருகில் குழந்தைகள் காப்பகம் வேண்டும்.
50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வரலாம் என்று 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் வகுத்தது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளை என்பது 1961ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம்பெற்றது. பெரிய நிறுவனங்களில் இவை நடைமுறையில் இருக்கின்றனவா என்று நேரில் பார்க்க வேண்டும். 50 பேருக்குக் குறைவான ஜாப் ஒர்க் யூனிட்டுகள் நெருக்கமாக உள்ள பகுதிகளில், மத்திய அரசின் பால்னா திட்டத்தில் அங்கன்வாடியுடன் இணைந்த காப்பகங்களைத் திறக்க வேண்டும். அவை ஷிப்ட் முடியும்வரை இயங்க வேண்டும்.

4. வாடகைக்குக் குடியிருப்போருக்கும் இணை உணவு கிடைக்க வேண்டும்.
தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013, பாலூட்டும் தாய்க்குப் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரையும், குழந்தைக்கு ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையும் அங்கன்வாடி வழியே உணவை உரிமையாக்கியிருக்கிறது. ரேஷன் கார்டு சொந்த ஊர் முகவரியில் இருக்கிறது என்று சொல்லிச் சத்துமாவு தராமல் திருப்பி அனுப்பக் கூடாது. தாய் சேய் நல அட்டையைக் காட்டினாலே வழங்க வேண்டும்.

5. ஞாயிற்றுக்கிழமையும் தடுப்பூசி போட வேண்டும்.
ஆறு, பத்து, பதினான்கு வாரங்களிலும் பிறகும் போடும் ஊசிகள் இலவசம். ஆனால் புதன்கிழமை முகாமுக்குப் போனால் ஒரு நாள் கூலி போகிறது. தொழிலாளர் குடியிருப்புகளில் மாதம் ஒரு ஞாயிறாவது முகாம் நடத்த வேண்டும்.

6. பாலூட்டும் வசதியும் வழிகாட்டுதலும் வேண்டும்.
2015ஆம் ஆண்டு முதல் பேருந்து நிலையங்களில் அமைக்கப்பட்ட பாலூட்டும் அறைகள் பூட்டிக் கிடக்காமல், விளக்கு, மின்விசிறி, உள்தாழ்ப்பாள், நாற்காலியுடன் திறந்திருக்க வேண்டும். பிரசவமான முதல் இரண்டு வாரங்களில் சுகாதார செவிலியர் வீட்டுக்கே வந்து பாலூட்டும் முறையையும், பாலைப் பீச்சிச் சுத்தமாக எடுத்துவைக்கும் முறையையும் கற்றுத்தர வேண்டும். மருத்துவக் காரணத்தால் பவுடர் பால் தேவைப்படும் ஏழைக் குழந்தைக்கு அதை அரசு மருத்துவமனை வழியே வழங்க வேண்டும்.

மேற்கண்ட கோரிக்கைகள் குறித்துப் பேச, சுகாதாரத் துறை, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள், தொழிலாளர் துறை, ஈ.எஸ்.ஐ. அலுவலர்களையும் நிறுவன உரிமையாளர்களின் பிரதிநிதிகளையும் அழைத்து, ஒரு மாதத்துக்குள் தங்கள் தலைமையில் கூட்டம் நடத்துமாறு வேண்டுகிறோம். வேலை நாளில் எங்கள் தாய்மார்கள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும் என்பதால், ஞாயிறு அல்லது மாலை நேரத்தில் கூட்டத்தை வைத்தால் அவர்களே நேரில் வந்து பேசுவார்கள். நிதி நின்றுபோனவர்களின் பட்டியலைத் தொகுத்து, அன்றே தங்களிடம் ஒப்படைக்கிறோம்.



இடம்: திருப்பூர்

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்
மற்றும் சங்க உறுப்பினர்கள்

நகல்:
1. மாவட்ட சுகாதார அலுவலர்
2. மாவட்டத் திட்ட அலுவலர், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள்
3. தொழிலாளர் துறை அலுவலர்
4. மாநகராட்சி ஆணையர்