மாடி அறைக்கு நோட்டீஸ், மாளிகைக்குச் சலுகை

இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் தொழிலாளியின் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. "அனுமதியின்றி மேற்கொள்ளப்பட்ட கூடுதல் கட்டுமானம்" என்று அதில் எழுதியிருக்கிறது. அதைப் படிக்கக் கண்ணாடி வேண்டும். படித்ததைப் புரிந்துகொள்ள வக்கீல் வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் வேண்டும். மூன்றும் இல்லாத மனிதனிடம்தான் சட்டம் முதலில் வந்து நிற்கிறது.

அவன் செய்த குற்றம் என்ன? அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். வீடு அத்திப்பட்டிலோ, பாடியிலோ, அயப்பாக்கத்திலோ இருக்கட்டும். கால் கிரவுண்டு மனை, அதாவது 600 சதுர அடி. கீழே ஒரு கூடம், ஒரு அறை, அடுப்படி. மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. புது மருமகளைக் கூடத்தில் மாமனார் மாமியாரோடு படுக்கவைக்க முடியுமா? சொஸைட்டியில் கடன் வாங்கி, மனைவியின் சங்கிலியை அடகுவைத்து, மாடியில் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு அறை எழுப்பி, மேலே ஷீட் போடுகிறார். உள்ளே படிக்கட்டுக்கு இடமில்லை. தெருப் பக்கம் வைத்த படி இரண்டடி நீண்டுவிட்டது. குற்றம் இவ்வளவுதான்.

முன்கூட்டி அனுமதி வாங்கியிருக்கக் கூடாதா என்று கேட்பார்கள். கேட்கிறவர்களுக்கு நாம் ஒன்று சொல்கிறோம்: ஒரு முறை நீங்களே வாங்கிப் பாருங்கள். மனை அங்கீகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பட்டா அவர் பெயரில் இருக்க வேண்டும். பல வீடுகளில் அது இன்னும் செத்துப்போன தகப்பனார் பெயரில்தான் இருக்கிறது. பதிவுபெற்ற என்ஜினீயர் வரைபடம் போட வேண்டும். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். கட்டணம் கட்ட வேண்டும். முன்னால் இவ்வளவு, பக்கத்தில் இவ்வளவு, பின்னால் இவ்வளவு என்று காலியிடம் விட வேண்டும். கால் கிரவுண்டில் இத்தனையும் விட்டால் மிஞ்சுவது மாட்டுக்கொட்டகைதான்.

2024 ஜூலை 22-ல் சர்க்கார் ஒரு சுயசான்றுத் திட்டத்தைத் தொடங்கியது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு, தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால், உரிமையாளரே சான்று கொடுத்து உடனே அனுமதி பெறலாம் என்றார்கள். நல்ல காரியம்தான்; அதிகாரியின் மேஜையைச் சுற்றி வருகிற வேலை குறைந்தால் நாம் ஏன் குறை சொல்லப் போகிறோம்? ஆனால் அதற்கும் மனை அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். கட்டணத்தை ஒரே மூச்சில் கட்ட வேண்டும். ஆவடியிலும், பட்டாபிராமிலும், திருமுல்லைவாயிலிலும் ஏரிக்கரை ஓரமும் வயல் நடுவிலும் ரியல் எஸ்டேட்காரன் கல் நட்டு விற்ற மனையை, மாதத் தவணையில் வாங்கியவர்கள் எத்தனை பேர்! விற்றவன் காரில் போய்விட்டான். வாங்கியவன் தலையில் "அங்கீகரிக்கப்படாதது" என்ற முத்திரை விழுந்துவிட்டது. 2016-ல் அத்தகைய மனைகளின் பதிவை உயர்நீதிமன்றம் நிறுத்தியது. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. மறுபடியும் பணம் கட்டச் சொல்லி வாங்கியவனையே கூப்பிட்டார்கள். கல் நட்டு விற்றவனைக் கூப்பிட்டார்களா?

இந்தக் கூடுதல் அறைகளால் லாபமடைந்தவன் யார் என்பதையும் பார்க்க வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை அதையொட்டி வந்தது. ராணுவத் தொழிற்சாலை தன் தொழிலாளர்களில் ஒரு பகுதிக்காவது குவார்ட்டர்ஸ் கட்டியது. பேட்டைக்குள் சின்னதும் பெரிதுமாகக் கம்பெனி வைத்த முதலாளிகள் ஷெட் போட்டார்கள், மிஷின் போட்டார்கள். மிஷினுக்கு முன்னால் நிற்கிற மனிதன் எங்கே படுப்பான் என்று கேட்டவர் எத்தனை பேர்? இன்று பட்டரவாக்கத்திலும் அத்திப்பட்டிலும் மாடி அறைகளில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்கள் ஒரிஸ்ஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த நம் சகோதரத் தொழிலாளர்கள். முதலாளி கட்டியிருக்க வேண்டிய குடியிருப்பை, தொழிலாளி தன் கடனில் கட்டியிருக்கிறான். அவன் கதவில்தான் நோட்டீஸ்!

இதே மேற்குப் புறத்தில் நடந்த ஒரு பழைய சங்கதியை இளைஞர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். உலக வங்கியின் கடனில் 1977-ல் சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. முதலில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர், பிறகு முகப்பேர். ஏழைகளுக்குச் சின்னச் சின்ன மனை, தண்ணீர்க் குழாய், கக்கூஸ், சிலருக்கு ஒரு சுவர் அல்லது ஒரு அறை. "மீதியை உங்கள் கையில் காசு சேரச் சேர நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்" என்பதுதான் அந்தத் திட்டத்தின் கருத்து. ஏழை வீட்டை ஒரே நாளில் கட்ட மாட்டான், அறை அறையாகத்தான் கட்டுவான் என்பதை உலக வங்கியே ஒப்புக்கொண்டது! மக்கள் கட்டினார்கள். முகப்பேர் இன்று அம்பத்தூர் மண்டலத்தில் ஒரு பெரிய ஊர். அன்று கொள்கையாக இருந்தது இன்று குற்றமாக எப்படி மாறியது?

வரி வசூலிக்கும்போது மட்டும் அந்தக் குற்றம் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அனுமதியில்லாத அறை என்றாலும் சொத்துவரி உண்டு. வரி போட்டதால் அனுமதி கொடுத்ததாக ஆகாது என்றும் கூடவே சொல்லிவிடுவார்கள். 2022 ஏப்ரலில் சொத்துவரியை உயர்த்தினார்கள். 2011-ல் சென்னையோடு சேர்க்கப்பட்ட அம்பத்தூர் போன்ற பகுதிகளில், 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம். 601 முதல் 1,200 வரை 50 சதவீதம். ஒரு மாடி அறையால் 600-ஐத் தாண்டியவன் இரட்டிப்பு உயர்வுப் படியில் ஏறினான். வரி கட்டும்போது அது வீடு. நோட்டீஸ் வரும்போது அது ஆக்கிரமிப்பு.

இனி மாளிகைக் கதைக்கு வருவோம்.

நகர ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 28-2-1999-க்கு முன் விதிமீறிக் கட்டியவர்கள் பணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றார்கள். ஒரே ஒரு முறைதான் என்றார்கள். பிறகு தேதியை 2000-க்கு நகர்த்தினார்கள், 2001-க்கு நகர்த்தினார்கள், 2002-க்கு நகர்த்தினார்கள். சின்னவர்களும் மனுப் போடலாம் என்றுதான் சட்டம் சொன்னது. ஆனால் யாருக்காகத் தேதி நகர்ந்தது என்பது தியாகராய நகர் உஸ்மான் ரோட்டில் நிமிர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். 2006-ல் சென்னை உயர்நீதிமன்றம், முதல் தடவை சரி, அதன்பின் நீட்டித்தது செல்லாது என்று தீர்ப்பளித்தது. பெரிய கடைகளுக்கு ஆபத்து வந்ததும் 2007-ல் அவசரச் சட்டம் பிறந்தது! நம் மாடி அறைக்காக எந்த சர்க்காராவது நள்ளிரவில் அவசரச் சட்டம் எழுதியதுண்டா?

அதற்குமேல், இப்போது மீறவேண்டிய அவசியமே பெரியவர்களுக்கு இல்லை. விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். 2019-ம் வருஷத்துக் கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடத்தில் மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு தளப்பரப்பு கட்டலாம். அதற்கு மேலும் வேண்டுமானால் 'பிரீமியம்' என்று பணம் கட்டி, சாலை அகலமாக இருந்தால் 50 சதவீதம் வரை கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். ஆகாயத்தைச் சதுர அடிக் கணக்கில் சர்க்கார் விற்கிறது. நம் தெருவின் அகலம் எவ்வளவு? ஒரு ஆம்புலன்ஸ் நுழையத் திணறுகிற சந்து. அகலச் சாலையில் நிலம் வாங்க முடிந்தவனுக்கு மேலே ஏறவும் உரிமை. சந்தில் ஒண்டியவனுக்குப் படிக்கட்டு நீண்டால் தண்டனை. இதே ஆவடியில்தான் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாநாடு கூடி 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. பாணி மட்டும் இருக்கிறது.

அப்படியானால் கட்டட விதியே வேண்டாம் என்கிறோமா? இல்லை. அப்படிச் சொல்கிறவன் கட்டடத் தொழிலாளியின் பிணத்தைப் பார்க்காதவன். பூந்தமல்லிக்குப் பக்கத்தில் போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில், 2014 ஜூன் 28 மாலை, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் மாண்டார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள். அது திருட்டுத்தனமாகக் கட்டிய கட்டடமல்ல. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதி பெற்றது. வரைபடம் இருந்தது, முத்திரை இருந்தது, கட்டணம் கட்டியிருந்தது. மண் தாங்குமா, தூண் தாங்குமா என்று பார்த்தவர்தான் இல்லை. பக்கத்தில் நின்ற இரண்டாவது கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. 11 மாடியை அளக்கத் தெரியாத அளவு நாடா, நம் இரண்டடிப் படிக்கட்டை மட்டும் அங்குலம் பிசகாமல் அளக்கிறது!

ஆகவே நாம் கேட்பது விதி இல்லாத ஊரை அல்ல. நோட்டீஸ் எழுதுவதற்குப் பதில், அறை எழுப்பும் முன்பே உள்ளாட்சியின் என்ஜினீயர் வந்து, இந்தச் சுவர் தாங்கும், இந்தப் படியை இப்படித் திருப்பு, மின்கம்பி பக்கம் போகாதே என்று சொல்லட்டும். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். கால் கிரவுண்டு, அரைக் கிரவுண்டு வீட்டுக்கு ஏற்ற மாதிரி வரைபடங்களை உள்ளாட்சியே இலவசமாகக் கொடுக்கட்டும்.

பெயர்ப்பலகை விஷயத்திலும் இதே கதைதான். ஆவடி போகும் திருத்தணி நெடுஞ்சாலையிலும் குமணன்சாவடிப் பக்கமும், சாலை அகலப்படுத்துவது, மெட்ரோ தூண் போடுவது என்று எந்த வேலை வந்தாலும் முதலில் கழற்றப்படுவது டீக்கடையின் தகரப் பலகை. தகப்பன் நடத்திய சைக்கிள் கடையை மகன் எடுத்து, பெயரை மாற்றி, புதுப் பலகை வைத்தால் கேள்விமேல் கேள்வி: உரிமம் யார் பெயரில், பலகை எவ்வளவு நீட்டம், யாரைக் கேட்டு மாற்றினாய்? கடைகள், நிறுவனங்கள் சட்ட விதியின்படி பலகையில் தமிழ் முதலில் இருக்க வேண்டும். தமிழ் 5 பங்கு, ஆங்கிலம் 3, பிற மொழி 2. இந்த விதியை நாம் இரண்டு கையாலும் வரவேற்கிறோம். ஆனால் இதை யார் மீறுகிறார்கள்? சலூன்காரரும் இட்லிக் கடை அம்மாவும் என்றைக்கும் தமிழில்தான் எழுதினார்கள். அவர்களுக்கு வேறு மொழியில் வாடிக்கையாளர் இல்லை. (அந்தப் பலகைகளை எழுதிய பெயிண்டர்களை பிளெக்ஸ் மிஷின் தெருவில் நிறுத்தியது தனிக் கதை; அதை இன்னொரு நாள் எழுதுவோம்.) கண்ணாடி மாளிகைக் கடைகளில்தான் தமிழைத் தேடக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. 2010-ல் செம்மொழி மகாநாட்டை முன்னிட்டு மாநகராட்சி பரபரப்பாகக் கிளம்பியது. மகாநாடு முடிந்தது, பரபரப்பும் அடங்கியது.

அனுமதியில்லாத பலகை ஆளைக் கொல்லும் என்பது உண்மை. 2019 செப்டம்பர் 12-ல் பள்ளிக்கரணையில் இரு சக்கர வாகனத்தில் வேலையிலிருந்து திரும்பிய ஓர் இளம்பெண்ணின்மேல் பேனர் விழுந்தது; பின்னால் வந்த தண்ணீர் லாரி அவள்மேல் ஏறியது. அது சைக்கிள் கடைப் பலகையா? அன்றைய ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சாலை நடுவே வைத்த பேனர்! எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தப் பேனர்களைப் பார்த்தால் இன்ஸ்பெக்டரின் கண் குனிந்துகொள்கிறது.

நிலத்தில் உழைத்தவர்களின் நிலைமை இன்னும் மோசம். பூந்தமல்லியைச் சுற்றியிருந்த நஞ்சைகளில் நாற்று நட்ட விவசாயத் தொழிலாளர்கள் மேட்டுப் புறம்போக்கில் குடிசை போட்டு மூன்று தலைமுறை ஆகிறது. வயல் மனையாகிவிட்டது, வேலை போய்விட்டது, குடிசை மட்டும் நிற்கிறது. சென்னையைச் சுற்றி 32 கிலோமீட்டருக்குள் புறம்போக்குக்குப் பட்டா கிடையாது என்று 1962-ல் 'பெல்ட் ஏரியா' தடை வந்தது. பட்டா இல்லை, ஆகவே வரைபட அனுமதி இல்லை. ஆகவே கூரையைக் கழற்றி ஓடு போட்டாலும் சட்டவிரோதம். 2025 பிப்ரவரியில்தான், 63 ஆண்டு கழித்து, இந்தப் பகுதியில் 29,187 பேருக்குப் பட்டா தர அமைச்சரவை முடிவு செய்தது. பட்டியலில் நம் ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று தாலுகா ஆபீசில் கேட்டு எழுதி வாங்க வேண்டியது நம் வேலை. தானாக வரும் என்று காத்திருந்தால் இன்னொரு 63 ஆண்டு ஆகும்.

நோட்டீஸ் வந்த தோழர்கள் பயந்து இடைத்தரகனிடம் ஓடக் கூடாது. 2024 நவம்பர் 13-ல் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: முன்னறிவிப்புக் கொடுத்து குறைந்தது 15 நாள் அவகாசம் தராமல், நேரில் விசாரிக்காமல், காரணம் காட்டி உத்தரவு போடாமல் வீட்டை இடிக்கக் கூடாது. சாலை, நடைபாதை, நீர்நிலை போன்றவற்றில் இருப்பதற்கு இது பொருந்தாது. ஆகவே நோட்டீஸைக் கிழிக்காதீர்கள். வந்த தேதியை அதன்மேல் எழுதுங்கள். தபாலில் வந்தால் உறையைப் பத்திரப்படுத்துங்கள். பதில் எழுதி, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். தனியாகப் போகாமல் தெருவோடு போங்கள். ஒரு தெருவில் ஒரு வீட்டுக்குத்தான் நோட்டீஸ் என்றால், மற்ற வீடுகளை எப்படி விட்டார்கள் என்றல்ல, எதிரே நிற்கும் ஐந்து மாடியை யார் அளந்தார்கள் என்று கேளுங்கள்.

நகரத்தில் பகுதி சபா என்று ஒன்று 2022 முதல் இருக்கிறது. கவுன்சிலர் வந்து உட்கார்ந்து நாற்காலிகளைப் பார்த்துப் பேசிவிட்டுப் போகிற கூட்டமாக அதை விட்டுவிடாதீர்கள். கிராமத்தில் கிராம சபை மே தினத்தன்றும் கூடுகிறது. கொடியேற்றி முடித்த கையோடு, செங்கொடித் தோழர்கள் நேரே அங்கே போக வேண்டும். நம் தெருவுக்கு வந்த நோட்டீஸ்களின் நகலோடும், இந்த ஓராண்டில் எந்தெந்தப் பெரிய கட்டடத்துக்கு என்னென்ன சலுகை கொடுக்கப்பட்டது என்று கேட்கும் ஒரு மனுவோடும்.